நாக்கும் தீர்ப்பும்

ருசி நாக்கில் இருக்கிறது என்கிறோம். நாக்கில் இருப்பது உணர்வு. ‘இதுதான் ருசி’ என்று அறிவிப்பது அதிகாரம். 2015 முதல் 2020 வரை வெளியான ‘ஷொகுகெகி நோ ஸோமா’ என்ற ஜப்பானிய அனிமே தொடரை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

ஸோமா சாதாரண சாப்பாட்டுக்கடைக்காரரின் மகன். டோட்ஸுகி என்னும் மேட்டுக்குடிச் சமையல் பள்ளியில் சேர, முட்டையும் சோறும் சமைத்து வைக்கிறான். உறையவைத்த கோழிச்சாறு சுடுசோற்றில் உருகி இறங்குகிறது. தேர்வாளர் எரினா, ‘கடவுளின் நாக்கு’ என்று பெயரெடுத்தவள். நாக்கு சொக்கிப்போகிறது; வாயோ ‘நல்லாயில்லே’ என்கிறது. உணர்வுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் வர்க்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் அவனைச் சேர்த்துக்கொள்வதும் இன்னொரு மேலிடத்து நாக்குதான்: பள்ளித் தலைவரான அவள் தாத்தா.

பின்னர் எரினாவின் தந்தை அஸாமி பள்ளியைக் கைப்பற்றி, இந்த நடுவிடத்தையே சட்டமாக்குகிறார். உன்னதச் சமையல் எதுவென்று சிலர் தீர்மானிப்பார்கள். மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தபடி செய்தால் போதும். மாணவர்களின் ஆய்வுக் குழுக்கள் கலைக்கப்படுகின்றன. அவரது அமைப்பின் பெயரே ‘சென்ட்ரல்’, அதாவது மையம். எதிர்ப்பவர்கள் சமையல் போட்டியில் மோதி ஜெயிக்கிறார்கள். தலைமை எரினாவிடம் போகிறது.

இங்கேதான் எனக்குக் கேள்வி வருகிறது. ஜெயித்தது சாப்பாட்டுக்கடையா? போட்டியும் நடுவர் மேசையும் அப்படியே இருக்கின்றன. கடையில் வயிறாரத் தின்றுவிட்டுப் போகிறவனுக்கு அந்த மேசையில் இடமில்லை. விளிம்பின் ருசியை மையம் அங்கீகரித்துவிட்டது என்று கொண்டாடுகிறோம், சரி. அங்கீகரிக்கும் உரிமை கைமாறியதா?