இணைய எழுத்தும் எடுத்தாளும் உரிமையும்

திருமுல்லைவாயில் மாசிலாமணியீசர் கோயிலைப் பற்றி முதுகலை மாணாக்கர் ஒருவர் எழுதிய ஆய்வுரையை அண்மையிற் படிக்க நேர்ந்தது. அதன்கண் ஆறு பக்கங்கள் ஏனைய பக்கங்களினின்றும் நடையால் வேறுபட்டுத் தோன்றின. தேடிப் பார்த்த அளவில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துக் கோயில்களை நேரிற் கண்டு இணையத்தில் எழுதிவரும் அன்பர் ஒருவரின் கட்டுரை அப்படியே பெயர்த்தெழுதப் பெற்றிருந்தமை புலனாயிற்று. அவர் பெயர் யாண்டும் குறிக்கப்படவில்லை. வினவியபொழுது, “இணையத்தில் உள்ளது பொதுவன்றோ, ஐயா?” என்று அம்மாணாக்கர் கள்ளமின்றி விடையிறுத்தார். அவ்விடையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பொது என்னுஞ் சொல் ஈண்டு மயக்கந் தருகின்றது. பலருங் காணக் கிடப்பது வேறு. பலர்க்கும் உரியதாவது வேறு. தெருத்திண்ணையில் வழிப்போக்கர் எவரும் அமரலாம்; அதனால் திண்ணை அவருடையதாகிவிடாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தாமே ஆக்கிய எழுத்திற்கு அது எழுதப்பட்ட அளவிலேயே உரிமை தோன்றிவிடுகின்றது. பதிவு செய்தல் கட்டாயம் அன்று. தாளென்றும் திரையென்றும் சட்டம் வேறுபாடு கருதுவதில்லை. ஆசிரியர் வாழ்நாள் முழுமையும், அவர் மறைந்த ஆண்டினை அடுத்து 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிற்கும். இணையத்தில் எழுதுவோர் பலர் புனைபெயரில் மறைந்து நிற்பர். அவர்க்கும் வெளியீட்டாண்டினை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பெயர் தெரியாமையால் உரிமை இல்லையாகாது என்க.

உண்மையிற் பொதுவாகியனவும் உள. 1942இல் மறைந்த உ.வே.சாமிநாதையரின் எழுத்துக்கள் 2003 முதல் எவர்க்கும் உரியன. பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் ஏற்றது. பின்னர்ப் பலர் நூல்கள் அவ்வாறே நாட்டுடைமையாயின. ஆசிரியர் தாமே நிபந்தனையோடு வழங்குவனவும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் இவ்வகையின. அவற்றை எடுப்போர் மூலத்தைச் சுட்டுதலும், தாம் ஆக்குவதை அதே நிபந்தனையில் வழங்குதலும் வேண்டும். இலவசம் என்பது நிபந்தனை இன்மை அன்று.

சட்டம் ஆராய்ச்சிக்குப் பகை என்று அஞ்சவேண்டா. அதன் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட ஆராய்ச்சி, திறனாய்வு முதலியவற்றிற்காக முறையான அளவில் எடுத்தாளுதலை ஏற்கின்றது. அம்முறையான அளவு இத்துணை வரி என்று யாண்டும் வரையறுக்கப்படவில்லை. நோக்கமும் அளவும் சேர்த்தே எடைபோடப்படும். பத்து வரியை எடுத்துக்காட்டி அதனோடு வாதிடுவது திறனாய்வு. ஆறு பக்கத்தை எடுத்து அதன்மேல் தன் பெயரை எழுதுவது அதனுள் அடங்காது. கருத்திற்கும் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொல்லிய முறைக்கே உண்டு என்பது 1978இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்திய நெறி. ஆதலின் கோயிலின் காலம் இன்னது என்னும் முடிபை எவரும் தம் நடையில் எழுதலாம். எனினும் அம்முடிபை முதலிற் கண்டவரைச் சுட்டாது விடின், சட்டம் வாளாவிருந்தாலும் புலமையுலகம் வாளாவிராது.

நம் முன்னோர் இவற்றையெல்லாம் பாராட்டியதில்லை. சொல்லும் பொருளும் தடையின்றிக் கைமாறின என்பார் உளர். இக்கூற்று அரையளவே உண்மை. முன்னோர் சொல்லையே மேற்கொள்ள நன்னூல் இசைகின்றது, ஆயினும் அது போற்றுதற்பொருட்டு, மறைத்தற்பொருட்டன்று. தொல்காப்பியர் ‘என்ப’, ‘என்மனார்’ எனப் பலகாற் கூறுவது, இது தமக்கு முன்னோர் கண்டது என்னும் அறிவிப்பேயாம். வழிநூலை முதனூலினின்றும் பிரித்துப் பெயரிட்டமையே கடனை ஒப்புக்கொண்ட செயல். கம்பரும் தமக்கு முன் அக்கதையை வடமொழியிற் பாடியவரைச் சுட்டாது தொடங்கினாரல்லர். உ.வே.சா. தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு உதவியோரை ஊரும் பேருமாக நிரல்படுத்தியுள்ளார். ஓர் ஏட்டைக் கொடுத்தவர்க்கே அத்துணை நன்றியெனின், எழுதியவர்க்கு எத்துணை உரித்து!

சட்டமும் அறமும் பிரியும் இடமொன்று நம் துறைக்கு மிக அணுக்கமானது. 1998இற் பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின்கீழ், உலகின் பல பகுதிகளிலும் உள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதி மெய்ப்புப் பார்த்து இணையத்தில் இட்டனர். அக்கோப்புக்களை எவரும் பரப்பலாம். முகப்புப் பக்கத்தை நீக்காதிருத்தல் மட்டுமே அவர்கள் வேண்டியது. அம்முகப்பிலேதான் உழைத்தோர் பெயர்கள் உள்ளன. அதையே முதலில் வெட்டியெறிந்து விற்பனைக்கு நூலாக்குவோரை என்னென்பது? சங்கப் பாடலுக்குப் பதிப்புரிமை இல்லை. எழுத்துப் பிசகாது படியெடுத்த உழைப்பு மட்டும் உரிமையைத் தாராது என்பதும், தேர்ந்து பகுத்து எண்ணிட்ட அறிவுச்செயல் தரக்கூடும் என்பதும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் (2007) உச்சநீதிமன்றம் கூறியதனாற் பெறப்படும். ஆகவே வெறுந் தட்டெழுத்தாளர்க்கு வழக்குமன்றத்தில் வலு குறைவே. அவ்வாறாயினும் முகப்பை வெட்டுதல் நன்றிகேடு என்பதில் எமக்கு ஐயமில்லை.

பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டமில்லை என்றும், 60 விழுக்காட்டிற்கு மேற்படின் ஆய்வுப்பதிவே நீக்கப்படும் என்றும் வகுக்கின்றன. மூலம் சுட்டிய மேற்கோள் இக்கணக்கிற் சேராது. இவ்வெண்ணைக் கண்டு, ஒன்பது விழுக்காடு வரை களவு செய்யலாம் எனப் பொருள்கொள்வாரும் நம்மிடை உளர்! மேலும், பழைய எழுத்துருவில் உள்ள பனுவலும் ஒருங்குறியில் உள்ள பனுவலும் பொறிக்கு வேறுவேறாகவே தோன்றும். தமிழாய்வில் பொறியின் சான்றிதழை மட்டும் நம்பிக் கையொப்பமிடுவது மேற்பார்வையாளர்க்கு அழகன்று.

மேற்கூறிய மாணாக்கரை அவ்வன்பர்க்கு மடலெழுதி இசைவு பெறுமாறு பணித்தோம். மூன்றாம் நாளே விடை வந்தது. பெயரும், கட்டுரைத் தலைப்பும், தாம் வெளியிட்ட நாளும், மாணாக்கர் பார்த்த நாளும் குறித்து வேண்டுமளவு எடுத்தாளலாம் என்று எழுதியிருந்தார். அத்துடன், கல்வெட்டொன்றின் தேய்ந்த எழுத்தை முன்பு தாம் தவறாகப் படித்ததாகவும், பின்னர் மீண்டுஞ் சென்று பார்த்துத் தம் பக்கத்தில் திருத்திவிட்டதாகவும் குறித்திருந்தார். ஆய்வுரையில் இருந்தது அந்தப் பழைய பாடம்.