கதவு உண்டு, வீடு இல்லை: லண்டன் தெருவில் இந்த ‘செட்’ எதற்கு?

லண்டன் பேஸ்வாட்டர் பகுதியில் உள்ள லென்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24 எண் வீடுகளின் கதவை எவ்வளவு தட்டினாலும் யாரும் வர மாட்டார்கள். உள்ளே வீடே இல்லை!

தெருவில் நின்று பார்த்தால் பக்கத்து வீடுகள் மாதிரியேதான் இருக்கும். அதே தூண்கள், அதே பால்கனி. உற்றுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கதவில் தபால் போடும் துளை இல்லை. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வெறும் பெயின்ட். மொத்தமே சுமார் 5 அடி தடிமன் கொண்ட ஒரு சுவர், அவ்வளவுதான். பின்பக்கத் தெருவுக்குப் போய் எட்டிப் பார்த்தால், கீழே ரயில் தண்டவாளம்.

சினிமா செட் போட்டதுபோல இப்படிக் கட்டியது ஏன்? காரணம், புகை.

உலகின் முதல் சுரங்க ரயிலான மெட்ரோபாலிடன் ரயில்வே 1863 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. தெருவைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே கூரை எழுப்பி மூடிவிடுவார்கள். ஆனால் உள்ளே ஓடியது மின்சார ரயில் இல்லை, நீராவி இன்ஜின். சுரங்கத்துக்குள் போகும்போது நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பிக் குளிர வைக்கும் வசதி அதில் இருந்தது. அடுப்புப் புகையை அப்படி அடக்க முடியாதே! அதனால் வழியில் ஆங்காங்கே கூரை இல்லாத திறந்தவெளி தேவைப்பட்டது. இன்ஜின் அங்கே வந்துதான் ‘மூச்சு விடும்’.

1860-களில் பேஸ்வாட்டர் வழியாகப் பாதையை நீட்டியபோது, குறுக்கே நின்ற இரண்டு வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த இடம் மூடப்படாமல் விடப்பட்டது. வசதியானவர்கள் வாழும் தெருவில், பல் விழுந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி இருந்தால் நன்றாகவா இருக்கும்? முன்பக்கத்தை மட்டும் கட்டி மறைத்துவிட்டார்கள். 1868-ல் ரயிலும் ஓடத் தொடங்கியது.

தெருக்காரர்களின் கண்ணுக்கு மறைத்தாயிற்று. பயணிகளின் மூக்குக்கு?

1897-ல் இந்தச் சுரங்கங்களின் காற்றோட்டம் பற்றி அரசு விசாரணையே நடந்தது. கோவர் ஸ்ட்ரீட் நிலையம் அருகே மருந்துக்கடை வைத்திருந்தவர், புகையில் திணறி வரும் பயணிகளுக்காகவே ‘மெட்ரோபாலிடன் மிக்ஸ்சர்’ என்ற மருந்தை விற்றிருக்கிறார். ரயில்வே தரப்போ, சுரங்கக் காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது என்கிற அளவுக்குப் போனது. நாள் முழுக்க உள்ளேயே வேலை பார்த்த இன்ஜின் டிரைவரையும் நிலக்கரி அள்ளிப் போட்டவரையும் நினைத்தால் இதற்குச் சிரிக்கவும் முடியவில்லை.

சுரங்கப் புகை மீதான பயம் லண்டனில் தொடங்கியதல்ல. லண்டன் - பர்மிங்காம் பாதையில் 1838-ல் திறக்கப்பட்ட கில்ஸ்பி சுரங்கம் 2 கி.மீ.க்கும் அதிக நீளம். உள்ளே போனால் மூச்சு முட்டிவிடுமோ என்று மக்கள் பயந்தார்கள். பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் சுமார் 60 அடி அகலத்தில் இரண்டு ராட்சதக் காற்றுக் கிணறுகளை வெட்டினார். தரைக்கு மேலே அவற்றைச் சுற்றி எழுப்பிய செங்கல் கோபுரங்கள் பார்ப்பதற்குக் கோட்டைக் கொத்தளம் மாதிரி இருக்கும். அவை இன்றும் நிற்கின்றன.

லண்டன் சுரங்கப் பாதைக்கு 1905-ல் மின்சாரம் வந்தது, புகை போனது. போலி வீடுகள் மட்டும் போகவில்லை. இப்போதும் அந்தச் சுவருக்குப் பின்னால் டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.