ஜாடியில் ஒன்று, தகட்டில் ஒன்று

கீரையை அசிட்டோனில் அரைத்து, அந்தச் சாற்றைச் சிலிக்கா ஜெல் பூசிய தகட்டின் அடியில் ஒரு பொட்டாக வையுங்கள். ஏழு பங்கு ஹெக்சேனும் மூன்று பங்கு அசிட்டோனும் கலந்த ஜாடிக்குள், பொட்டு நனையாதபடி தகட்டை நிறுத்துங்கள். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கரைப்பான் ஏற ஏற, ஒற்றைப் பச்சை பல நிறங்களாகப் பிரியும். உச்சியில் கரோட்டினின் மஞ்சள், அதன் கீழே நீலப்பச்சையாகவும் மஞ்சள்பச்சையாகவும் இரு பச்சையங்கள், அடியில் சாந்தோபில்கள்.

மெல்லடுக்கு வண்ணப்பிரிகை என்னும் இம்முறையின் வேர், 1938இல் கார்கிவ் நகரில் இஸ்மைலோவும் ஷ்ரைபரும் மூலிகைச் சாறுகளில் செய்த ஆய்வு. எகோன் ஸ்டால் 1950களில் அதைச் செம்மைப்படுத்தினார்.

ஜாடியில் ஊற்றிய கலவை அதே விகிதத்தில்தான் தகட்டில் ஏறுகிறது என்றே பலரும் நம்புகிறோம். அப்படி இல்லை. சிலிக்காவின் மேற்பரப்பில் நிறைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் முனைவுத்தன்மை கொண்ட அசிட்டோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹெக்சேனுக்கு அந்தப் பிடிப்பு இல்லை, முந்தி ஓடிவிடும். இரண்டின் முனைவுத்தன்மையும் வெகுவாக வேறுபட்டால், கரைப்பானின் முன்விளிம்புக்குக் கீழே இரண்டாவதாக ஒரு விளிம்பே உருவாகும். வெவ்வேறு சேர்மங்கள் அந்த விளிம்பில் வந்து ஒரே கோடாகத் திரண்டு நிற்கும். அதைக் கண்டு ‘ஒரே பொருள், தூய்மையானது’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதுதான் இதில் நேரும் மிகப் பெரிய பிழை.

ஆவியும் சேர்ந்து குழப்பும். ஜாடிக்குள் ஆவி நிறையாதபோது தகட்டின் ஓரங்களிலிருந்து கரைப்பான் கூடுதலாக ஆவியாகும். அதை ஈடுகட்ட அங்கே கரைப்பான் அதிகமாக ஏறுவதால், ஒரே மாதிரிப் பொட்டு ஓரத்தில் உயரமாகவும் நடுவில் தாழ்வாகவும் நிற்கும்.

இதற்கு மருந்து, உட்சுவரை ஒட்டி ஒரு வடிதாள். கலவையில் அதை நனைத்து, ஜாடியை மூடி, கால் மணி நேரம் பொறுத்த பிறகு தகட்டை இறக்க வேண்டும். பலரும் தவிர்ப்பது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். ஆனால் எத்தனை கவனமாகப் பொட்டு வைத்தாலும் அதற்கு ஈடாகாது. கூடியவரை இரண்டு கரைப்பான்களோடு நிறுத்துங்கள். நேற்றைய கலவையை இன்றும் பயன்படுத்த வேண்டாம். எளிதில் ஆவியாகும் பகுதி குறைந்து, விகிதம் மாறியிருக்கும்.

குளோரோஃபார்ம் சேர்ப்பவர்கள் புட்டியின் லேபிளையும் படியுங்கள். கெடாமலிருக்கச் சில தயாரிப்புகளில் சிறிதளவு எத்தனால் கலந்திருப்பார்கள். புட்டி மாறினால் பொட்டின் உயரமும் மாறலாம்.