பத்தடி அறையும் மூன்று லட்ச ரூபாய் ஸ்பீக்கரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழைய இரும்பை உலையில் கொட்டும் இடம், கம்பி வெட்டும் இடம், கம்ப்ரசர் அறை என்று ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்துச் சத்தத்தை அளந்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. வீட்டுக்கு வந்தால் பாட்டு. அங்கேயும் இங்கேயும் போவது அதே காதுதான் என்பதால் இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்தில் ஸ்பீக்கர் மாற்ற நினைப்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூரிலிருந்துகூட வருவார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய வயது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-ல் வந்தபோது கேசட் வாங்கிக் கேட்டவர்கள். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், இனிமேலாவது நல்ல செட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். முப்பது வருடம் உலைக்குப் பக்கத்தில் நின்றவர் தன் காதுக்கு நல்லது ஒன்று செய்ய நினைக்கிறார். அவர் தரும் பணம் வீணாகக் கூடாது என்பதுதான் என் கவலை.

போன வருடம் எங்கள் ரோலிங் பிரிவு ஃபோர்மேன் வந்தார். ஓய்வு பெறப் போகிறவர். வீட்டில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர், வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. “தம்பி, சத்தம் மந்தமா இருக்கு. பேஸ் மட்டும் குமுகுமுன்னு வருது. மூணு லட்சம் ஒதுக்கி வெச்சிருக்கேன். எதை வாங்கலாம்?” என்றார்.

“அண்ணே, போன தடவை மில்லுல காது டெஸ்ட் எடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் இருக்கா?” என்று கேட்டேன்.

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளின் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் நோயாகவே சேர்த்திருந்தது. அந்த இழப்பு எல்லாச் சுருதிகளிலும் ஒரே மாதிரி வருவதில்லை. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் குழி விழும். பரிசோதனைத் தாளில் கோடு நேராக வந்து அந்த இடத்தில் சட்டென்று இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

பாட்டில் அந்த இடத்தில் இருப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். பாடகி ‘ச’ என்று தொடங்கும்போது வரும் காற்று, வயலின் வில் கம்பியைப் பற்றும் உரசல், கஞ்சிராவின் சலங்கை, ஜால்ராவின் விளிம்பு. இவை குறைந்தால் ஸ்பீக்கர் மந்தமாகிவிட்டது என்று தோன்றும். கடைக்குப் போனால், மேல் சுருதிகளைத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கர் ஒன்று அவருக்குப் பிரமாதமாக இருக்கும். வாங்கி வந்து வீட்டில் போடுவார். காது நன்றாக இருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அரை மணியில் தலை வலிக்கும். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஷிஃப்ட் முடிந்த கையோடு மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் ஸ்பீக்கர் கேட்பதும் அப்படித்தான். இரைச்சலில் இருந்து வெளியே வந்த காது சில மணி நேரத்துக்கு மரத்துப்போய்க் கிடக்கும். தொழிலாளியின் முதல் செவிப் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரம் இரைச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. லட்சக்கணக்கில் செலவழிக்கும் முடிவுக்கும் அந்த 14 மணி நேரத்தைக் கொடுக்கலாம். வார விடுமுறை நாளில் காலையில் போங்கள்.

ஃபோர்மேன் அண்ணனின் தாளில் குழி இருந்தது, ஆனால் ஆழமில்லை. காதடைப்பான் ஒழுங்காகப் போட்டவர். ஆகவே அடுத்து அவர் வீட்டைப் பார்க்கப் போனேன்.

வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, தரையில் பளபளக்கும் டைல்ஸ். இரண்டு ஸ்பீக்கர்களும் மூலையோடு மூலையாக. எதிர்ச் சுவரில் முதுகு ஒட்டிய சோபா. நம் ஊரில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு இப்படித்தான் இருக்கும். வெளிநாட்டில் ஸ்பீக்கர் வடிவமைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளும் வீடு வேறு. மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர், தரை முழுக்கக் கம்பளம். அந்தச் சுவர் பேஸில் கொஞ்சத்தை உள்வாங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். நம் சிமெண்ட் சுவரோ வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும்.

கணக்கு எளிது. எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையிலான தூரம் எந்த ஒலியின் அலைநீளத்தில் பாதியோ, அந்த ஒலி அறைக்குள் நின்று வீங்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் போகிறது. 14 அடிக்கு அது சுமார் 40 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியின் சுருதி 41. பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ். இங்கே அகலமும் உயரமும் ஒரே பத்தடி என்பதால் 57 இரண்டு மடங்கு தொல்லை தரும். அண்ணன் சொன்ன ‘குமுகுமு’ இதுதான். இந்த அறையில் மூன்று லட்ச ரூபாய் ஸ்பீக்கரை வைத்தாலும் 40-ம் 57-ம் அங்கேயேதான் இருக்கும். அந்த ஸ்பீக்கர் பழையதை விடக் கீழே இறங்கிப் பாடினால் குமுறல் இன்னும் கூடும்.

இந்த வீக்கம் சுவரை ஒட்டி அதிகமாகவும் நடு அறையில் குறைவாகவும் இருக்கும். சோபாவைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்தோம். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்து, முகத்தைச் சற்று உட்புறமாகத் திருப்பினோம். பேஸ் கிட்டார் இருக்கும் ஒரு பாட்டைப் போட்டு, பெட்டியை அரை அடி அரை அடியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் மீட்டரைப் பார்த்தோம். மாலைக்குள் குமுறல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

அறையே ஒலியைக் கெடுப்பது புதிதல்ல. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசினால் ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆனது. யாருக்கும் பேச்சு புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இரவுகளில் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்துகொண்டே இருந்தார். கட்டட ஒலியியல் என்ற துறை அங்கிருந்து பிறந்தது. நமக்கும் அதே மருந்துதான். தடித்த திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி, தரையில் கனமான விரிப்பு. மூலையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினாலும் பலன் உண்டு. சுவர் நிறைய முட்டை அட்டை ஒட்டுகிறார்களே, அது பேஸுக்கு எதுவும் செய்யாது. பஞ்சுக்குத் தடிமன் இருந்தால்தான் அடி ஒலி அடங்கும்.

சீலிங் ஃபேனையும் சொல்ல வேண்டும். என் வீட்டில் ஃபேன் வேகமாக ஓடினால் மீட்டர் 50 டெசிபலை ஒட்டிக் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் போகும் டிரெய்லர் லாரி தனி. நல்ல ஸ்பீக்கருக்கும் மிக நல்ல ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி மெல்லிய ஒலிகளில்தான் இருக்கிறது. வீணையின் மீட்டு ஒலி தேய்ந்து மறையும் அந்தக் கடைசி நொடியை ஃபேன் விழுங்கிவிடும். ஃபேன் தேவைப்படாத மார்கழி இரவில் உங்கள் பழைய ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்கள். அதில் இத்தனை நாள் என்ன இருந்தது என்று அப்போது தெரியும்.

ஃபோர்மேன் அண்ணன் வீட்டில் குமுறல் அடங்கினாலும் மந்தம் இன்னும் மிச்சம் இருந்தது. முன்பக்கத் துணியைக் கழற்றினோம். அடி ஒலியைத் தரும் வூஃபரின் கோன் ஓரத்தில் வளையமாக ஃபோம் இருக்கும். விரலை வைத்ததும் பொடியாக உதிர்ந்தது. நம் வெயிலும் பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றும் சேர்ந்தால் ஃபோம் பத்துப் பதினைந்து வருடத்தில் இப்படி ஆவது சகஜம். ரப்பர் வளையம் இன்னும் நாள் தாங்கும். கோன் நல்லபடியாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் பொருளும் கிடைக்கும், கைதேர்ந்த ஆளும் கிடைப்பார். உள்ளே வூஃபருக்கும் மேல் சுருதிகளைத் தரும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் கப்பாசிட்டர்கள் இருக்கும். அவையும் இருபது வருடத்தில் அளவு மாறிப்போகும். இரண்டையும் மாற்றச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆனது. புது ஸ்பீக்கரோடு ஒப்பிட வேண்டியது, இப்படிப் பழுது பார்த்த பழையதைத்தான். கிழிந்த கோனோடு ஒப்பிட்டால் எதுவும் சொர்க்கமாகத்தான் கேட்கும்.

கடையில் நீட்டும் அளவுத் தாளை நம்பலாமா என்றும் கேட்பார்கள். வங்காளத்திலிருந்து போன சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ். அமெரிக்காவில் எம்ஐடியில் படித்தவர், சிறுவயதில் வயலின் கற்றவர். 1956-ல் அளவுகளைப் பார்த்து ஒரு உயர்தர ஸ்டீரியோ வாங்கினார். வீட்டில் போட்டால் வயலின் வயலினாக இல்லை. ஏன் என்று தேடத் தொடங்கியவர் 1964-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1968-ல் அவர் கொண்டுவந்த 901 ஸ்பீக்கரில் ஒன்பது யூனிட். எட்டு பின்சுவரைப் பார்த்து இருந்தன. அந்த ஸ்பீக்கர் எனக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். நாம் கேட்பதில் சுவரின் பங்கு எவ்வளவு என்று அவர் விடாமல் கேட்டார், அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை.

கண்ணும் ஏமாற்றும். 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹார்மன் நிறுவனத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்கள் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணால் பார்த்தும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். பார்த்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் முந்தின, சிறிய மலிவுப் பெட்டி பின்தங்கியது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இதை வீட்டிலும் செய்யலாம். நடுவில் ஒரு வேட்டியைக் கட்டித் திரையாக்கி, மாற்றிவிட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடிய பக்கம்கூட நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். செல்பேசியில் இருக்கும் ஒலி அளக்கும் செயலி இதற்குப் போதும்.

பழுதுபார்த்த ஸ்பீக்கரை அண்ணன் சில வாரம் கேட்டார். பிறகு ஒருநாள் கேண்டீனில் உட்கார்ந்து சொன்னார். “எல்லாம் சரியாயிடுச்சு தம்பி. ஒண்ணுதான் இடிக்குது. பொம்பளைக் குரலும் வயலினும் சேர்ந்து மேலே போகும்போது ரெண்டும் ஒட்டிக்குது. எது குரல், எது வயலின்னு பிரியல.”

“அப்ப மாத்துங்கண்ணே” என்றேன்.

ஏனென்றால் அது அறையின் கோளாறு அல்ல. சோபாவை எங்கே வைத்தாலும் மாறவில்லை. வேறு வேறு பாட்டிலும் அதே இடத்தில் வந்தது. வூஃபர் தன் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் பெட்டியின் வடிவமைப்பிலேயே இருக்கும் குறை அது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன குறைகிறது என்று இப்படி ஒருவர் சொல்லிவிட்டால், அவருக்குப் புது ஸ்பீக்கர் தேவைதான். “இன்னும் நல்லா இருக்கணும்” என்று மட்டும் சொல்கிறவரை நான் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்வேன்.

அவருக்கு நான் சொன்னது சிறிய பெட்டி. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. சுமார் ஐந்து லிட்டர் பெட்டி. அடி பேஸை அது விரட்டவே இல்லை. மனிதக் குரலை ஒழுங்காகக் கொடுப்பதில் முழுக் கவனத்தையும் வைத்தது. இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பத்தடி கான்கிரீட் அறைக்கு அந்த வழி பொருந்தும். ஆனால் இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றுக்கு உணர்திறன் குறைவு. பழையது ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் கொடுத்து, புதியது 84 கொடுத்தால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு சக்தி தர வேண்டும். ஆம்ப் தாங்குமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கடைக்காரர் சில நாளைக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் வேறு கடை.

அண்ணன் கடைசியில் ஒருவர் ஒரு வருடம் மட்டும் பயன்படுத்திய சிறிய ஜோடி ஒன்றை, வேட்டித் திரை போட்டுக் கேட்டு வாங்கினார். ஒதுக்கிய பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. பழைய ஜோடி திருவள்ளூரில் வீரராகவர் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் அண்ணன் வீட்டுக்குப் போனது. பழைய காலத்து வீடு. இருபது அடிக்கு மேல் நீளமான கூடம், தேக்கு உத்திரம் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை, ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறப்பு. அடி ஒலி தேங்காமல் முற்றம் வழியே வெளியேறிவிடுகிறது. கும்மிடிப்பூண்டியில் குமுறிய அதே பெட்டிகள் அங்கே பேஸ் கிட்டாரின் எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் கொடுக்கின்றன. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.