விமானம் ஏறும் முன்பே முத்திரை

கல்யாணம் முடிந்து நாலாம் நாள். மாப்பிள்ளை ஐன்ட்ஹோவனில் வேலை பார்க்கும் நம்ம பக்கத்துப் பையன், பெண் நெதர்லாந்துக்காரி. கழுத்தில் தாலி, கையில் கோயில் ரசீது, பிளாஸ்டிக் ஃபைலுக்குள் டச்சு மொழியில் இரண்டு தாள். சார்பதிவாளர் அலுவலக மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை இரண்டு முறை புரட்டிவிட்டு, “எம்பசி என்.ஓ.சி. இருக்கா?” என்கிறார். இல்லை. “அப்ப வாங்கிட்டு வாங்க.” எந்தத் தாள், எந்த முத்திரை என்று கேட்டால் பதில் இல்லை. பெண்ணின் விடுமுறையோ இன்னும் பதினோரு நாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் காட்சி ஆளும் நாடும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கிறது. வெளியே வந்தால், “நோட்டரி சீல் போட்டா முடிஞ்சுதுண்ணே” என்று சொல்ல ஒருவர் காத்திருப்பார். முடியாது. நெதர்லாந்துத் தாளுக்கு நெதர்லாந்தில்தான் முத்திரை வாங்க வேண்டும். தேனியில் முடியாது, மதுரையில் முடியாது, சென்னையில் இருக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் முடியாது.

அந்த முத்திரைக்குப் பெயர் அப்போஸ்டில். 1961-இல் ஹேகில் உருவான உடன்படிக்கையின்படி, ஒரு நாடு தன் ஆவணத்துக்கு அதைப் போட்டுக் கொடுத்தால் உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகள் தூதரகச் சான்று கேட்காமல் ஏற்க வேண்டும். நெதர்லாந்து 1965-இலிருந்தும் இந்தியா 2005-இலிருந்தும் அதில் உள்ளன. நெதர்லாந்தில் அப்போஸ்டில் போடுவது ‘ரெக்ட்பாங்க்’. பெயரில் பாங்க் இருப்பதால் வங்கி என்று நினைத்துவிட வேண்டாம். அது மாவட்ட நீதிமன்றம்.

எந்தத் தாள்கள்? முதலில் பிறப்புச் சான்று. பிறந்த ஊரின் நகராட்சியில், அதாவது ‘கெமேன்ட்டெ’யில் கிடைக்கும். கேட்கும்போதே பன்மொழிப் பன்னாட்டுப் படிவத்தில் கேளுங்கள். அதில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். டச்சு மொழியில் மட்டும் வாங்கி வந்து, கூகுளில் மொழிபெயர்த்து அச்சடித்து நீட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். டச்சுத் தாள்தான் கிடைத்தது என்றால், அங்கே நீதிமன்ற உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போக வேண்டும்.

இரண்டாவது தாளில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நம் அலுவலர் ‘என்.ஓ.சி.’ என்று வாய்க்கு வந்தபடி கேட்பது உண்மையில் இதைத்தான்: இந்த நபர் திருமணம் செய்துகொள்ளச் சட்டத் தடை எதுவும் இல்லை என்ற அரசுச் சான்று. டச்சில் ‘ஃபெர்க்ளாரிங் ஃபன் ஹூவலிக்ஸ்பெஃபூக்ட்ஹெய்ட்’. வாயில் நுழையாவிட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதையும் நகராட்சியே தருகிறது. ஆறு மாதம்தான் செல்லும். அப்போஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது, அது ஒட்டியிருக்கும் தாளுக்கு உண்டு. போன வருஷம் நிச்சயத்தின்போது வாங்கியதை இந்த வருஷம் கொண்டுவந்து வாதாடிப் பயனில்லை.

முன்பு திருமணமாகி விவாகரத்தானவர் என்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். நெதர்லாந்தில் நீதிபதி தீர்ப்பளித்ததோடு விவாகரத்து முடிவதில்லை. தீர்ப்பு இறுதியானபின் ஆறு மாதத்துக்குள் குடிமைப் பதிவேட்டில் ஏற்ற விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் தீர்ப்பே செல்லாமல் போகும். ஆகவே கோர்ட் உத்தரவு மட்டும் போதாது, பதிவேட்டில் ஏறியதற்கான சான்றும் வேண்டும். 1998 முதல் அங்கே திருமணத்துக்கு இணையான ‘பதிவுபெற்ற துணைமை’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. “நான் கல்யாணமே பண்ணலை” என்று உண்மையாகவே சொல்பவர் பதிவேட்டில் துணைவராக இருக்கலாம். கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். டச்சுப் பாஸ்போர்ட்டில் பெயரையடுத்து ‘e/v’ என்று இருந்தால், பின்னால் வருவது கணவர் அல்லது மனைவியின் குடும்பப்பெயர். அது யார் என்று மேஜைக்கு அந்தப் பக்கத்தில் கேட்பதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடி சொல்கிறேன்: ஒவ்வொரு தாளிலும் ரெக்ட்பாங்கின் அப்போஸ்டில், அதுவும் விமானம் ஏறும் முன்பே. நகல் எடுத்து நோட்டரி சீல் வைப்பது அதற்கு மாற்று அல்ல. தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள்.

இனி நம் பக்கத்துத் தவறு. கோயிலில் தாலி கட்டிவிட்டு, இந்துத் திருமணச் சட்டத்தில் பதியப் போகிறார்கள். அந்தச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். இந்துப் பெண்ணும் கிறிஸ்தவ ஆணும் அந்தச் சட்டப்படி செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. பதிவுச் சான்றிதழ் இருந்தாலே திருமணம் ஆகிவிடாது என்று 2024-இல் இன்னொரு தீர்ப்பு. விசாவுக்காக அவசர அவசரமாகப் பதிவு செய்யும் பழக்கத்தையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பொருந்துவது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது சார்பதிவாளரின் எல்லைக்குள் 30 நாள் வசித்திருக்க வேண்டும். உத்தமபாளையத்திலோ போடியிலோ குடியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சிக்கலே இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு நேற்று இறங்கியவருக்குத்தான் சிக்கல். பிறகு சார்பதிவாளரிடம் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு 30 நாள், அதன்பின் மூன்று சாட்சிகளோடு திருமணம். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வார லீவில் இதெல்லாம் நடக்காது. நடத்தித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கோயிலில் ஏற்கெனவே முடித்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில், வேறு முறையில் நடந்த திருமணத்தைப் பதியலாம். ஆனால் இங்கே 30 நாள் வசிப்பு இருவருக்கும் தேவை, இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். வெளிநாட்டவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார் என்று எப்படிக் காட்டுவது? வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில், ‘சி ஃபார்ம்’ என்று வழக்கில் சொல்லப்படும் படிவத்தைப் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டுமான விதி இல்லை, சொந்த வீட்டுக்கும் உண்டு. நம் ஊரில் இதை யாரும் செய்வதில்லை, போலீஸ் வந்து கேட்கும் வரை. ஒழுங்காகச் செய்திருந்தால் அதன் நகலே வசிப்புக்கு நல்ல ஆதாரம்.

விண்ணப்பத்தை அலுவலர் வாங்க மறுத்தால் வாய்மொழியோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மாவட்டப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். ஆட்சேபணையை ஏற்று மறுத்தாலும், 15-ஆம் பிரிவுப் பதிவை மறுத்தாலும், 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தேனி மாவட்டத்தாரான நமக்கு அது லட்சுமிபுரத்தில். எழுத்தில் கேட்டதுமே பல அலுவலர்களுக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாஸ்போர்ட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். டச்சுக் குடும்பப்பெயரில் வரும் ‘ஃபன் டெர்’ என்பதை ஒட்டி எழுதுவதும், நம் இனிஷியலை ஒரு இடத்தில் விரித்து ஒரு இடத்தில் சுருக்கி எழுதுவதும் சகஜம். கவுன்டரிலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு பயணம் எதிர்த்திசையில். நம் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் நெதர்லாந்தில் செல்ல, முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். சென்னையிலேயே போடுகிறார்கள், ஆனால் அமைச்சகம் நியமித்த முகமை வழியாகத்தான் கொடுக்க முடியும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய், முகமையின் சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத் தாளை அங்கே அப்படியே ஏற்பார்கள். கையால் எழுதிய பழைய தமிழ்ப் பிறப்புச் சான்று என்றால் தமிழும் ஆங்கிலமும் உள்ள புதிய படிவத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களில் பிறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுடைய பிறப்புப் பதிவு இடுக்கி மாவட்டத்தில் இருக்கும். அந்தத் தாளுக்குக் கேரள அரசின் சான்றொப்பம்தான் செல்லும். அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக் கோட்டைக்குப் பஸ் ஏறாதீர்கள், கம்பம்மெட்டு ஏறுங்கள்.