போன் கேமரா போதாதா? பாக்கெட் கேமராவின் பலமும் படுத்தலும்

'போன்லயே 50 மெகாபிக்சல் இருக்கு. அப்புறம் தனியா ஒரு கேமரா எதுக்கு?' சூலக்கரையில் வேலைக்குப் போகும் இளைஞர் பலரும் கேட்கும் கேள்விதான். எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். அம்மா அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறார். கையில் தீ, முகத்தில் பாதி இருட்டு, சுற்றிலும் கூட்டம். அந்த நொடி திரும்ப வராது. போனின் நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது சரி. நடந்து வருபவரின் முகம் குழம்பிப்போக வாய்ப்பு அதிகம்.

சென்சார்தான் வித்தியாசம்

2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-ஐ உதாரணமாகப் பார்க்கலாம். பேட்டரியோடு சேர்த்தே 240 கிராம்தான், சட்டைப் பைக்குள் போய்விடும். அதில் இருப்பது '1 இன்ச்' சென்சார். பெயர்தான் அப்படி, உண்மையான அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். ஆனாலும் சாதாரண சின்ன கேமராக்களில் இருந்த சென்சாரைப் போல சுமார் 4 மடங்கு பரப்பு. பரப்பு கூடினால் வெளிச்சமும் கூடுதலாகச் சேரும். ஒரே கிளிக்கில் முகம் தெளிவாக விழும்.

சிவகாசி கணக்கு

அந்தப் படத்தைக் காலண்டரில் போட சிவகாசி அச்சகத்துக்குக் கொடுக்கிறீர்களா? நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். இந்த கேமராவின் படம் 5472க்கு 3648 பிக்சல். அதாவது, சுமார் 18க்கு 12 அங்குலம் வரை தாங்கும். 12 மெகாபிக்சல் போன் படத்தை 2 மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல்தான். ஏழு அங்குலத்தைக்கூட எட்டாது.

தீபாவளி வாணவேடிக்கைக்கும் இது கைகொடுக்கும். டிரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 2 முதல் 4 விநாடி என்று வைத்துப் பாருங்கள். ஒளிக்கோடுகள் முழுசாக விழும். ஆனால் பட்டாசு ஆலையின் உற்பத்திப் பகுதிக்குள் கேமரா, போன் எதையும் கொண்டுபோகாதீர்கள். அங்கே சின்னப் பொறியும் உயிர் விஷயம்.

எங்கே படுத்தும்?

முதலில் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு சுமார் 330 படம் என்பது ஆய்வகக் கணக்கு. வீடியோவும் எடுத்தால் திருவிழா முடியும் முன்பே தீர்ந்துவிடும். கேமராவுக்குள் வைத்தே சார்ஜ் ஏற்ற வேண்டும். எனவே கூடுதல் பேட்டரியும் தனி சார்ஜரும் வாங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது ஜூம். அகலக் கோணத்தில் எஃப்/1.8 ஆக இருக்கும் லென்ஸ், முழு ஜூமில் எஃப்/4.9 ஆகிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் 7-ல் ஒரு பங்குதான். இரவில் ஜூமை நம்பாமல் நாலடி முன்னால் போய் நில்லுங்கள்.

மூன்றாவது தூசி. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது நம்ம ஊர்ப் புழுதியும் கூடவே போகலாம். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் நாமே துடைக்கவும் வழியில்லை. சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பயன்படுத்தாதபோது உறையில் வையுங்கள்.

நான்காவது பகிர்வது. முதல் மாடலில் வைஃபை கிடையாது. மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் மூலம் போனுக்கு மாற்ற வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உடனே போடணும்னா போன்தான் வேகம்.

வாங்கலாமா?

படம் போன் திரையோடு முடிந்துவிடும் என்றால் வேண்டாம். சுவரில் மாட்ட, காலண்டரில் அச்சிட, இருட்டில் அசையும் முகத்தைப் பிடிக்க என்றால் வாங்கலாம். பழையது வாங்கினால் லென்ஸ் தடங்கலின்றி நீள்கிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப்/11-ல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி. விலை எவ்வளவு குறைவானாலும் அதைத் தொடாதீர்கள்.