இப்போது வீடு கட்டலாமா? கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

தை அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் டெல்டா கிராமங்களில் வீட்டுப் பேச்சு தொடங்கிவிடும். ஓடு ஒழுகுகிறது, சுவர் விரிசல் விட்டிருக்கிறது, கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். வங்கியும் கடன் தரத் தயார். கட்டிவிடலாமா, இரண்டு வருடம் பொறுக்கலாமா?

திருவாரூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் நன்செய் உள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கையில் 3 லட்சம் இருக்கிறது. 650 சதுர அடி வீடு, கொத்தனார் சொல்வது சதுர அடிக்கு 2,000 ரூபாய். ஆக 13 லட்சம். மீதி 10 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் 15 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,140 ரூபாய். வருடத்துக்கு 1,21,000-க்கு மேல். கடன் தீரும்போது கட்டிய தொகை 18 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

வயல் தருவது என்ன? குறுவை, சம்பா இரண்டும் கைகூடி, ஒவ்வொரு போகத்திலும் ஏக்கருக்குச் செலவு போக 20,000 மிஞ்சினால் வருடத்துக்கு 1,20,000. அடுப்பில் உலை வைக்கும் முன்பே தவணை அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். 2024-இல் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர்களுக்குக் குறுவை போயிற்று. தவணைத் தேதி அதற்காகத் தள்ளிப்போகாது.

இந்த இடத்தில்தான் பலர் பயிர்க்கடனையும் நகையையும் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது. கெடு தவறினால் வட்டி ஏறும், அடுத்த பருவக் கடனும் சிக்கலாகும். பிறகு விதைக்கும் உரத்துக்கும் வெளியில் இரண்டு வட்டிக்கு, அதாவது வருடத்துக்கு 24 சதவிகிதத்துக்கு வாங்க வேண்டியதுதான். வீட்டுக்கடன் வட்டியில் அரை சதவிகிதம் குறைக்க நாலு வங்கி ஏறி இறங்குபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதற்காகப் பொறுத்திருப்பதும் இலவசமல்ல. செங்கல், கம்பி, கூலி எதுவும் இறங்கி வரப்போவதில்லை. விரிசல் விட்ட சுவர் இன்னொரு ஐப்பசி மழையைத் தாங்குமா என்பதும் கேள்வி.

அதே குடும்பம் 400 சதுர அடியோடு நிறுத்தினால் செலவு 8 லட்சம், கடன் 5 லட்சம், தவணை சுமார் 5,070. வீட்டில் இரண்டு கறவை மாடு இருந்து, தீவனச் செலவு போக மாதம் 5,000 நின்றால் பால் பணமே பெரும்பாலும் ஈடுகட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வற்றிவிடாதபடி சினைப் பருவத்தை முன்பின்னாக வைத்துக்கொள்ள வேண்டும். மாடில்லாதவர்கள், அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்கலாம். விவசாயிகளுக்கு அப்படித் தரும் வங்கிகள் இருக்கின்றன. மாத வருமானமும் இல்லை, அரையாண்டுத் தவணையும் கிடைக்கவில்லை என்றால் இந்த வருடம் ஓட்டைப் பிரித்து மேய்ந்து, சுவரைச் செப்பனிடுவதே சரி.

குடிசையில் இருப்பவர்கள் கடனுக்கு முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கலைஞரின் கனவு இல்லம் பற்றி விசாரிக்கட்டும். 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் தரும் திட்டம் அது.

சிறிதாகக் கட்டினாலும் அஸ்திவாரத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரம் அதோடு சேர்ந்து ஆடும். பின்னால் ஓர் அறை சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் இப்போதே இடம் விட்டுக் கட்டலாம்.

வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் தராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை நடக்க நடக்கத்தான் விடுவிக்கும். முதல் கட்டச் செலவுக்குக் கைப்பணம் வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், ஊராட்சி அனுமதி மூன்றும் கேட்பார்கள். அண்ணன் தம்பி பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்தாக வேண்டும். சர்வேயர் வந்து அளக்கவே நாளாகும் என்பதால் அந்த மனுவை மட்டும் இப்போதே கொடுத்து வைக்கலாம்.